பாதிக் கட்டைவிரல்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் ‘முதலில் மூளைக்கு ஒரு ஸ்கேன் எடுங்கள்’ என்று சொல்லி அனுப்புகிற ஆள் நான். ஆனால் இது நடந்தது. என் கண்ணெதிரே, பட்டப்பகலில்.

மலைகள் சூழ்ந்த எங்கள் ஓஷ் நகரில் பதினோரு வருடமாக முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிறேன். மற்ற டாக்டர்கள் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிப்பார்கள், கசாப்புக் கடைக்காரர்கள். எனக்கு எட்டு மில்லிமீட்டர் துளை போதும். அதில் ஒரு குழாய், குழாய்க்குள் கேமரா. எலும்புகளுக்கு நடுவே பிதுங்கிய டிஸ்க்கைக் கிள்ளி எடுத்துவிடுவேன். நோயாளிகளின் முகம் எனக்கு ஞாபகம் இருப்பதில்லை. நான் பார்ப்பது முதுகைத்தான்.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலை 8:40. ஜுமாகதிர் என்ற லாரி ஓட்டுநர் மேஜையில் குப்புறப் படுத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மலைக் கணவாய் வழியாகத் தலைநகர் பிஷ்கெக்குக்கு நிலக்கரி ஏற்றிப் போகிறவர். இடது கால் ஏற்கெனவே இழுக்க ஆரம்பித்திருந்தது. கால் போனால் லாரியும் போச்சு. வலிக்கு இதமாக, இடுப்பில் நாய் ரோமத்தில் பின்னிய பட்டை ஒன்றைக் கட்டியிருந்தார். நர்ஸ் புருல் அதை அவிழ்த்து ஓரமாகப் போட்டாள்.

முதுகில் கரியால் ஒரு கட்டைவிரல் அடையாளம் இருந்தது.

“இது என்னண்ணே?”

“செவ்வாக்கிழமை எலும்பு கட்டுறவருகிட்ட போனேன் தம்பி. பஜாருக்குப் பின்னால இருக்காரே, பாதிக் கட்டைவிரல் கிழவரு. அப்பத்தான் உரிச்ச ஆட்டுத் தோலச் சுத்திப் படுக்க வெச்சாரு. அப்புறம் கழுத்துலேருந்து எலும்ப ஒவ்வொண்ணா வாய்விட்டு எண்ணிக்கிட்டே வந்து, இங்கதான் கோளாறுன்னு கரி வெச்சாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கிழங்கள் மிதித்துக் கெடுத்த முதுகுகள் எத்தனை! ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கரியும் நான் குறித்திருந்த இடத்துக்கு ஓர் எலும்பு மேலே இருந்தது.

“உங்க கிழவனுக்கு எண்ணத் தெரியலண்ணே. இங்க வரச் சொல்லுங்க, நான் கத்துத் தர்றேன்.”

புருல் சிரித்தாள். ஜுமாகதிர் சிரிக்கவில்லை.

“அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி. கூப்பிட்டா வந்துருவாரு.”

கரியைத் துடைத்தோம்.

ஸ்கேன் அறிக்கையில், கோளாறு நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவே என்று இருந்தது. நான் எப்போதும் கீழிருந்துதான் எண்ணுவேன். கடைசி எலும்பு ஐந்து, அதற்கு மேலே நான்கு. எல்லோருக்கும் ஐந்துதானே, எதற்கு மெனக்கெட வேண்டும்?

9:10. மரத்துப்போக ஊசி போட்டேன். முழு மயக்கம் கிடையாது, ஆள் விழித்திருப்பார். திரை தெளிவாகத் தெரிய விளக்கை அணைத்தோம்.

9:22. ஒரு வாடை. பச்சை ஆட்டுத் தோல் வாடை... ஆபரேஷன் தியேட்டரில்.

“புருல், என்ன நாத்தம்?”

“எனக்கும் அடிக்குது டாக்டர்.”

9:27. குழாய் உள்ளே போய்விட்டது. ஜுமாகதிர் நெளிந்தார்.

“கழுத்த அழுத்தாதீங்க தம்பி.”

“யாரும் தொடலண்ணே. ஆடாதீங்க.”

“எண்ணுறாங்களே...”

என் இரண்டு கைகளும் குழாயில் இருந்தன. புருலின் கைகள் கருவித் தட்டின் மேல்.

“பதினெட்டு... பத்தொம்பது...” அவர் முணுமுணுத்தார்.

டக். எலும்பு சொடுக்கும் சத்தம்.

“இருவத்திரண்டு... இருவத்துமூணு...”

டக்.

“நின்னுட்டாரு தம்பி.”

9:31. காலடியில் இருந்த எக்ஸ்ரே மிதியை அழுத்தினேன்.

திரையில் முதுகெலும்பு. என் குழாய். அதற்கு ஓர் எலும்பு மேலே...

ஒரு விரல்.

விரலின் எலும்பு. பாதியில் முடிந்திருந்தது.

“டாக்டர், கைய எடுங்க. படத்துல விழுது.”

கைகளைத் தூக்கிக் காட்டினேன்.

மறுபடி மிதித்தேன். அங்கேயே இருந்தது.

மூன்றாம் முறை... இல்லை.

எக்ஸ்ரேயைக் கழுத்துவரை நகர்த்தச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மேலிருந்து எண்ணினேன். அந்த மனிதருக்கு இடுப்பில் ஆறு எலும்புகள். நூறு பேரில் சிலருக்கு அப்படி இருக்கும் என்று படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். ஸ்கேன் எடுத்தவர்கள் மேலிருந்து எண்ணி எழுதியிருக்கிறார்கள்; கீழிருந்து எண்ணிய நான் ஓர் எலும்பு கீழே தவறியிருந்தேன். என் குழாய் நல்ல டிஸ்க்கின் மேல் நின்றது. இன்னும் ஒரு நிமிடத்தில் அதைக் கிள்ளி எறிந்திருப்பேன்.

குழாயை உருவி, கரி இருந்த இடத்தில் துளை போட்டேன். பிதுங்கல் அங்கேதான் இருந்தது. மாலையில் ஜுமாகதிர் கால் இழுக்காமல் நடந்தார்.

சனிக்கிழமை பஜாருக்குப் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கவா, சண்டை போடவா என்று எனக்கே தெரியாது. கிழவரின் மகன் கதவைத் திறந்தான். வாசலுக்கு வந்தவனை ஒரு துண்டு ரொட்டியாவது பிய்த்து வாயில் போட வைக்காமல் எங்கள் ஊரில் அனுப்ப மாட்டார்கள். அவன் ரொட்டி நீட்டவில்லை.

“அப்பாவப் பாக்கணும்.”

“ஏப்ரல்லயே போய்ட்டாரு.”

“இல்ல, செவ்வாக்கிழமை ஒருத்தருக்கு...”

“ஏப்ரல்ல. நீங்கதான டாக்டர் அவரு முதுகுல துளை போட்டது? மறந்துபோச்சா? அப்புறம் அவரு எந்திரிக்கவே இல்ல.”

அவன் கதவைப் பாதி சாத்தினான்.

“படுக்கையில கிடந்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்தப் பயலுக்கு எண்ணத் தெரியலன்னு.”

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து கிழவருடைய பழைய எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்தேன். விளக்குப் பெட்டியில் மாட்டி, கழுத்திலிருந்து ஆரம்பித்து இடுப்பு எலும்புகளை எண்ணினேன். இரண்டு தடவை.

ஆறு.

அலமாரியில் இன்னும் அறுநூறு பேருடைய படங்கள் இருக்கின்றன. அவற்றை நான் எண்ணவில்லை.