தாத்தா பெயரில் ஒரு டிக்கெட்

எங்கள் அம்மா பன்னீர் சோடாவை வாசனை சோடா என்றுதான் சொல்வாள். ஆவடி மார்க்கெட்டில் சோடாக் கடைக்காரர் முதலில் திருதிருவென்று விழித்தார், பிறகு பழகிக்கொண்டார். காரணம் இதுதான்: என் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா பெயர் பன்னீர்செல்வம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆள் போன பிறகும் அம்மா முறையை விடவில்லை. அப்பாவின் பெயர் சேகர். அதையும் சொல்லமாட்டாள். இப்படி இரண்டு பெயர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய் அவள் எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அப்பா ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபோர்மேன். அங்கே இருந்த மெஷின்களில் பாதி சோவியத் நாட்டிலிருந்து வந்தவை. எண்பதுகளின் கடைசியில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அந்த மெஷின்களைப் பழகிவரச் சொல்லி அப்பாவை ஆறு மாதத்துக்கு அங்கே அனுப்பினார்கள். பாஸ்போர்ட் வந்த அன்று அப்பா அதை எனக்கும், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத தம்பிக்கும் விரித்துக் காட்டினார். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்களாம். எழுதினார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் பன்னீர்செல்வம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது, சேகர் கீழே ஓரமாக இருந்தது. “பாரு, ரஷ்யா போகப் போறது நான் இல்ல, உங்க தாத்தா” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள், படித்தாள், அடுப்படிக்குப் போனாள்.

எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு மாமா இருந்தார். சொந்தம் இல்லை, கூப்பிடுவதுதான் மாமா. அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பே அதே ஊருக்கு அதே பயிற்சிக்குப் போய்வந்தவர். அங்கே மெஷினைப் பற்றி என்ன கற்றுக்கொண்டாரோ தெரியாது, விமானங்கள் ஏன் விழுகின்றன என்பதை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு வராந்தாவில் சீட்டாட்டம் நடக்கும். ஒரு கையில் சீட்டும் மறு கையில் காராபூந்தியுமாக அவர் பாடம் எடுப்பார்.

“ஏரோப்ளேன் மேல தப்பே இல்ல மச்சான். ரஷ்யாக்காரன் மெஷினு கல்லு மாதிரி கீது. ஆளுங்கதான் பேஜாரு. ஒருத்தன் பந்தயம் கட்டிகினு, கண்ணாடிக்கு முன்னாடி தெரைய இஸ்து வுட்டுட்டு எறக்குனானாம். இன்னொரு ஊர்ல ஓடுபாதைல பனி அள்ளுற வண்டி நிக்குது, மேல கீறவன் தூக்கக் கலக்கத்துல எறக்கிட்டான்.”

“நீயும் அதுலதானே போய்ட்டு வந்த?” என்பார் அப்பா.

“நான் வந்தது எங்கம்மா பண்ண புண்ணியம். இந்தப் பனிய பத்தி உனக்கு இன்னா தெரியும்? றெக்கை மேல வந்து உக்காந்துக்கும். சுடச்சுட மருந்துத் தண்ணி அடிச்சுக் கழுவுவான். கழுவுன கையோட கெளம்பணும். பத்து நிமிசம் நின்னுச்சுன்னா திரும்ப உக்காந்துக்கும், மறுபடியும் கழுவணும். எவன் கழுவுவான்? டைம் ஆச்சுன்னு கெளப்பிடுவான். அப்புறம் எங்க ஏறும், பொத்துனு வுயும்.”

இதெல்லாம் பேப்பரில் வராதா என்று அப்பா கேட்டார். அதற்கு மாமா சொன்ன பதில்தான் எனக்குள் முள் மாதிரி தங்கிவிட்டது. “அவுங்க ஆளு மட்டும் செத்தா ஒரு வரி வராது. பேப்பர்ல வந்துச்சுன்னு வெச்சுக்கோ, உள்ள வெளிநாட்டுக்காரன் எவனோ இருந்தான்னு அர்த்தம்.”

அப்பா அங்கே போனபின் கடிதங்கள் வந்தன. ஊர் யூரல் மலைப் பக்கம். மூக்கு உறைகிறது, ரொட்டி கறுப்பாக இருக்கிறது, ரசம் கனவில் வருகிறது என்றெல்லாம் எழுதுவார். மார்கழி பிறந்த சமயம், ஊர் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் ஒன்று வந்தது. கூட வந்தவர்கள் வேலையாக மாஸ்கோ கிளம்புகிறார்கள், எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் கழித்து இருபதாம் தேதி தனியாக விமானத்தில் போவேன் என்று எழுதியிருந்தார். கடிதம் எங்கள் கைக்கு வந்ததே இருபத்திரண்டாம் தேதி.

மறுநாள் காலையில் பேப்பரில் நான்கு வரிச் செய்தி வந்தது. இருபதாம் தேதி யூரல் பகுதியில் மாஸ்கோ கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று புறப்பட்ட சில நிமிடங்களில் விழுந்து நொறுங்கியது. அவ்வளவுதான். எத்தனை பேர் என்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் செய்தி வாசிக்கும் முறை எனக்கு என்பதால் பேப்பரை முதலில் பிரித்தவள் நான்தான். பேப்பரில் வந்துவிட்டது, அப்படியானால் உள்ளே வெளிநாட்டுக்காரர் இருக்கிறார். பேப்பரை மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அன்று நான் வாசித்தது கிரிக்கெட் செய்தி.

நான் ஒளித்து என்ன பயன்? குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு பேப்பர் வரும். சாயங்காலம் திரும்பியபோது எங்கள் வராந்தாவில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையையும் குப்பையையும் ஒரே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாமா மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து விமானம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவரைப் பார்க்கத்தான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

“நான் நாளைக்கு மவுண்ட் ரோடு போய் விசாரிச்சுகினு வரேன் தங்கச்சி. ரஷ்யாக்காரன் டிக்கெட் ஆபீஸ்ல தெரிஞ்ச பையன் ஒருத்தன் கீறான்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம் அவர் ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே கத்தினார். “நம்ம சேகரு பேரு இல்ல!”

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாரோ என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தார்கள். மாமா பைக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். “டிக்கெட் எடுத்ததுல நம்ம நாட்டுக்காரங்க ரெண்டே பேரு. அகர்வால்னு ஒருத்தன். பன்னீர்செல்வம்னு ஒருத்தன். நம்ம பக்கத்து ஆளு போல கீது, பாவம், யார் பெத்த புள்ளையோ.”

அந்தக் கூட்டத்தில் தாத்தாவின் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். சொந்தங்கள் எல்லாம் செய்யாற்றுப் பக்கம், குவார்ட்டர்ஸில் அப்பா வெறும் பி. சேகர். நான் அம்மாவைப் பார்த்தேன். “இன்னொரு தடவ படிங்கண்ணா” என்றாள். மாமா படித்தார். அம்மா தலையை ஆட்டிவிட்டு, “வெயில்ல வந்திருக்கீங்க, மோர் தரேன்” என்று உள்ளே போனாள்.

அவளுக்குப் புரியவில்லை என்று நான் முடிவு கட்டினேன். வாயால் சொல்லாமல் இருந்து இருந்து மாமனார் பெயரே அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் மறந்திருக்க வேண்டும். ஆகவே அப்பா இறந்துபோன விஷயம் இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது வயதில் அப்படி ஒன்றைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், சாப்பிட முடியாது, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தால், திறந்த அந்த நிமிடத்தில்தான் அப்பா இறப்பார் என்று உறுதியாக நம்பினேன். அதனால் பேசுவதையே குறைத்தேன். வகுப்பில் டீச்சர் என் இனிஷியலோடு பெயரைக் கூப்பிட்டால்கூட நடுங்கினேன்.

அம்மாவோ அந்த நாட்களில் நன்றாக உடுத்திக்கொண்டாள். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பீரோவில் கிடந்த அரக்குப் பட்டை எடுத்து வீட்டிலேயே கட்டினாள். வளையல்காரர் வந்தபோது கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டாள். தினமும் சாயங்காலம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்தாள். பொட்டைக் காலணா அகலத்துக்கு வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா பனியில் கிடக்கிறார், இவள் சிங்காரித்துக்கொண்டு நிற்கிறாள் என்று உள்ளுக்குள் திட்டினேன். ஒருநாள் அவள் என் தலையில் பூ வைக்க வந்தபோது தட்டிவிட்டேன். அவள் அடிக்கவில்லை. கீழே விழுந்த பூவை எடுத்துத் தன் தலையிலேயே சேர்த்து வைத்துக்கொண்டாள்.

பேப்பரில் வந்த ஐந்தாம் நாள் தந்தி வந்தது.

தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதும் எதிர்வீட்டு அத்தை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் தெருவில் தந்தி என்றால் ஒரே அர்த்தம்தான். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள், பிரிக்காமல் என்னிடம் நீட்டினாள். “நீ படி” என்றாள். ஆங்கில எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. காய்ச்சல் விட்டது, ரயிலில் மாஸ்கோ வந்து சேர்ந்தேன், நலம், அவ்வளவுதான் இருந்தது. “ரயில்லயாம்மா” என்றேன். “தேதி என்ன போட்டிருக்கு, அத மொதல்ல படி” என்றாள். இருபத்தாறு என்று போட்டிருந்தது. விபத்துக்கு அப்புறம் ஆறு நாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் என்னை மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சோடாக் கடை முன்னால் நின்று, “ரெண்டு பன்னீர் சோடா குடுங்க” என்றாள். கணீரென்று சொன்னாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் பதறிப்போய் அவள் புடவையை இழுத்தேன்.

“அம்மா, வாசனை சோடாம்மா.”

“தெரியும், குடி” என்றாள்.

அப்பா வெயில் காலத்தில் திரும்பி வந்தார், மெலிந்து, டீ கொதிக்கவைக்கும் ஒரு சமோவரையும் மரப் பொம்மைகளையும் தூக்கிக்கொண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் சீட்டுக் கச்சேரி கூடியது. எதிர்வீட்டு மாமா, “சொல்லு மச்சான், எப்டி தப்பிச்ச?” என்றார். அப்பாவுக்குக் கதை சொல்வதில் எப்போதும் ஒரு குஷி உண்டு. ஏர்போர்ட்டில் காய்ச்சலோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாராம். வெளியே பனி கொட்டுகிறது. மைக்கில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். “பனிர்சில்வாம், பனிர்சில்வாம்னு ஒரே பாட்டு. யாரோ ரஷ்யாக்காரன், பாத்ரூம்ல தூங்கிட்டான்போலன்னு நெனச்சுக்கிட்டேன். நான் சேகர்னு கூப்பிடுவாங்கன்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். போய்க் கேட்டா ப்ளேன் நகந்துடுச்சு. எங்கப்பா பேரைக் கூப்பிட்டிருக்காங்க, நான் அவர் புள்ள, காதுல வாங்கல பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட நிலைப்படியில் நின்று சிரித்தாள். மாமனாரே வந்து காப்பாற்றினார் என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“எதனால வுயுந்துச்சாம்?” என்றார் மாமா.

“பனிதான். எறக்கைய கழுவினாங்களாம், கழுவியும் கெளம்பறதுக்குள்ள திரும்ப சேந்துடுச்சாம்.”

“அதான் கழுவுனாங்களே, உடனே கெளம்பாம இன்னா பண்ணிகினு இருந்தான்?”

அப்பா சீட்டைக் கலைத்தபடி, “எவனோ ஒருத்தன் வரலன்னு காத்துக்கிட்டு...” என்று ஆரம்பித்தார். கை அப்படியே நின்றது.

“எவ்ளோ நேரம் கூப்டுகினு இருந்தாங்க?” என்றார் மாமா, குரலை இறக்கி.

“ஒரு கால் மணி நேரம் இருக்கும்” என்றார் அப்பா.

எந்த விபத்துக்கும் காரணம் கையில் வைத்திருக்கும் மாமா காராபூந்தித் தட்டை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தார். அம்மா உள்ளிருந்து, “சாப்பிட வாங்க எல்லாரும்” என்றாள், அடுப்பில் சோறு இன்னும் வேகவே இல்லை. ஆட்டம் ஏன் பாதியில் நின்றது என்று எனக்குப் புரியவில்லை. பொம்மைகளைத் திறந்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையை அப்பா அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பாங்கிலோ ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ, யார் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும், உட்கார்ந்திருக்கும் அப்பா சட்டென்று எழுந்து நின்றுவிடுவார். முனுசாமி என்றாலும் எழுந்திருப்பார், மேரி என்றாலும் எழுந்திருப்பார். நானும் தம்பியும் அதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்கில் சிரித்தோம்.