மகளுக்காக நான் போட்ட ஜெபக்குறிப்பு

எட்டு மாதமாக என் மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன் அடித்தால் எடுப்பாள். "சாப்பிட்டீங்களாம்மா? சரி, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவாள். அவள் இருப்பது லகாட்டில், நான் இருப்பது புந்தோங்கில். காரில் போனால் அதிக நேரம்கூட ஆகாது. ஆனால் வாங்க என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுத் துணி மடிப்பேன். பாதித் துணியை விட்டுவிட்டு வாசல் பெருக்கப் போவேன். குழம்பு அடிப்பிடித்துவிடும்.

நடந்தது இதுதான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அவளுக்குத் தங்கிய கரு, மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து எனக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

"யாருக்கும் சொல்லாதீங்கம்மா. அத்தைக்கே இன்னும் சொல்லல. நானே சொல்லிக்கிறேன்" என்றாள். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் அழுதேன். அப்புறம் எங்கள் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு போட்டேன். பெயர், மாதம், மருத்துவர் சொன்னது எல்லாவற்றையும் எழுதி, பாரத்தோடு ஜெபியுங்கள் சகோதரிகளே என்று முடித்தேன். கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. என் மனசு இலேசானது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு மகள் மாமியாரோடு வந்திருந்தாள். அந்தம்மாவும் எங்கள் சபைதான், ஆனால் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. பாஸ்டர் மேடையிலிருந்து அவள் பெயரைச் சொல்லி, கருவை இழந்த இந்தச் சகோதரியைத் தேற்றும் ஆண்டவரே என்று உரக்க ஜெபித்தார். மாமியார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆமென் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள். அதோடு அவள் எங்கள் சபைப் பக்கமே வரவில்லை, மாமியார் மட்டும் வந்துகொண்டிருந்தார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன ஊர் வம்பா பேசினேன்? ஆண்டவரிடம் கேட்கத்தானே சொன்னேன்! நான் வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு, நடுவில் பலகைச் சுவர். ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் நாலாவது வீட்டிலிருந்து கஷாயம் வரும். சொன்னால்தான் ஆள் வரும், ஆள் வருவதுதான் அன்பு என்று நம்பி வளர்ந்தவள் நான். இதை அவளிடம் போனில் சொல்லியும் பார்த்தேன்.

"அது உங்க எஸ்டேட்டும்மா. இது என் வயிறு" என்றாள்.

போன மாதம் பாஸ்டர் பெற்றோரின் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தேவனுடைய அன்பின் சாயலை நாம் முதலில் பார்ப்பது அம்மா அப்பாவிடம்தான் என்றார். எத்தனையோ முறை கேட்ட பேச்சு. கேட்கும்போதெல்லாம் என்னைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்கு உட்கார முடியவில்லை. வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். என்னைப் பற்றி ஆண்டவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? கட்டின மனுஷனை மனசுக்குள் சபித்தது, இதே மகள் வயிற்றில் உண்டானபோது இப்போது வேண்டாமே என்று அழுதது, எல்லாம் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கிறாரா? எனக்கோ அரை மணி நேரம் தாங்கவில்லை. நான் எந்த வாயால் அவருடைய சாயல் என்று சொல்லிக்கொள்வது?

மறுநாள் காலையிலேயே வாடகைக் கார் பிடித்து லகாட்டுக்குக் கிளம்பினேன். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். வழியெல்லாம் கார்க் கதவின் பிடியைப் பிடித்தபடியே இருந்தேன். "அக்கா, இன்னும் வரல லா. கதவ விடுங்க" என்றார் ஓட்டுநர்.

மகள் கேட்டுக்கு வந்தாள். நான் பார்த்தது அவள் முகத்தை இல்லை, வயிற்றை.

"அஞ்சாவது மாசம்" என்றாள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "அத்தைக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். மூன்று மாதமாகத் தெரியுமாம். ஞாயிறுதோறும் எனக்குப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்த அந்தம்மா ஒரு வார்த்தை விடவில்லை! ஆத்திரம் வந்தது. அந்தம்மா மேல் இல்லை, என் மேல்தான்.

"ஜெபம்னு சொல்லி உன் துக்கத்த ஊருக்கே சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்" என்றேன். கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றுதான் சொன்னேன். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு திறந்தாள்.

மைலோ கலக்கிக் கொடுத்தாள். நான் குடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பும்போது சொன்னாள்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கும்மா. ஜெபம் பண்ணுங்க. ஆனா அவருகிட்ட மட்டும் சொல்லுங்க."

திரும்பும் வழியில், எனக்காகக் காத்திருந்த அதே ஓட்டுநர், "மகள் வீடாக்கா? நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நாக்கு அரித்தது. நல்லா இருக்கா என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். அஞ்சாவது மாசம், அஞ்சாவது மாசம் என்று புந்தோங் வரும்வரை மனசுக்குள் ஆண்டவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன்.