மூன்றாம் ஹட்ச்சும் இங்கிலீஷ் பேய்களும்

1. பையில் இருந்த புத்தகம்

கார்கோ சர்வேயர் மேல் ஒருமுறை சந்தேகம் விழுந்துவிட்டால் அது லேசில் போகாது. என் மேல் விழுந்ததற்குக் காரணம், அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வேஸ்ட் பேப்பர் கன்டெய்னர்கள் வரும். வெளிநாட்டில் கழித்துப்போட்ட காகிதத்தை அழுத்திக் கட்டி, பேல் பேலாக அனுப்புவார்கள். மில்லுக்குப் போகும்முன் அதில் பிளாஸ்டிக்கோ ஈரக்குப்பையோ கலந்திருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. ஒருநாள் காலை கஸ்டம்ஸ் அதிகாரி வரத் தாமதமானது. வெட்டி வைத்திருந்த பேலில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் துருத்திக்கொண்டு நின்றது. நின்றபடியே படிக்க ஆரம்பித்தேன்.

நான் ஏரல்காரன். தமிழ் மீடியம். சர்வே ரிப்போர்ட் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டதுதான் என் இங்கிலீஷ். கதைப் புத்தகம் எதையும் அதுவரை தொட்டதில்லை. ஆனால் அந்தக் கதை என் ரிப்போர்ட் மாதிரியே இருந்தது. ‘நான் கண்டவரையில்’, ‘அவர் சொன்னபடி’, ‘அப்போது என்னுடன் இருந்தவர்கள்’ என்றே போனது. ஒரு சின்ன ஊரின் மணிக்கூண்டுக் கடிகாரத்தைப் பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் வருகிறான். கருவிப்பெட்டியை எங்கே வைக்கலாம் என்று காவல்காரனைக் கேட்கிறான். காவல்காரன் சொல்கிறான்: “வடக்கு அறையில் யாரும் இல்லை.”

மெக்கானிக் அதைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு இவன் எதற்குப் பதில் சொல்கிறான்? பட்டப்பகலில், ஷெட்டுக்குள் ஐம்பது பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது, எனக்குப் பிடரி சிலிர்த்தது.

சரக்கு கிளியர் ஆனதும் கிளியரிங் ஏஜென்ட்டிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “குப்பைதான, எடுத்துட்டுப் போங்க” என்றார்.

மறுநாள் என் முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி என் பையில் அதைப் பார்த்துவிட்டார். சர்வே கம்பெனி நடத்தி நரைத்தவர். யாரையும் நம்பாததால்தான் கம்பெனி நிலைத்தது என்று அவரே சொல்வார்.

“ஏலே முருகேசா, பார்ட்டிகிட்ட வேற என்ன வாங்குன?”

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. படிக்கத்தான் எடுத்தேன்.”

“குப்பையில கெடந்த இங்கிலீஷ் பேய்க்கதைய நீ படிக்கப்போற. இத நான் நம்பணும், என்ன?”

ஒரு மாதம் என்னைத் தனியாக எந்தச் சர்வேக்கும் அனுப்பவில்லை. கூடவே ஒரு ஆள் வந்தான். நான் எங்கே நிற்கிறேன், யாரோடு பேசுகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த வீம்பில்தான் புத்தகத்தை முழுக்கப் படித்தேன்.

2. பென்சிலோடு படித்தது

எங்கள் பக்கத்துப் பேய்க்கு ஒரு பெயர் இருக்கும், ஊர் இருக்கும், செத்த காரணம் இருக்கும். என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கும். கொடுத்தால் போய்விடும். அந்த இங்கிலீஷ் பேய்கள் எதையும் கேட்பதில்லை. பாதிக் கதைகளில் கண்ணிலேயே படுவதில்லை. ஒரு ஜன்னல் திறந்திருக்கும். நேற்று மூடியதாக நினைவு இருக்கும். அவ்வளவுதான். முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என்ன நடந்தது என்று கடைசி வரை சொல்லாமல் முடித்துவிடுகிறார்களே என்று எரிச்சல்.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பிடி கிடைத்தது. அந்தக் கதைகளில் பேயைவிட மனிதர்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். நல்ல வீட்டை யாரோ குறைந்த வாடகைக்குத் தருகிறார்கள். வேலைக்காரி ஒரு கதவை மட்டும் துடைக்காமல் போகிறாள். எல்லோருக்கும் ஏதோ தெரியும். புதிதாக வந்தவனுக்கு மட்டும் தெரியாது. அவன் கண்ணால் கண்டது எது, பிறர் சொன்னது எது, தானாக ஊகித்தது எது என்று பென்சிலால் கோடு போட்டுப் படிப்பேன்.

“பேய்க்கதைய பென்சில் வச்சுப் படிக்க ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்பாள் என் மனைவி.

அதன்பின் பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி வாங்கினேன். ஏரல் பஸ்ஸில் போக வர அதுதான் வேலை. ரத்தம், கூச்சல் என்று வருபவற்றை ஒதுக்கிவிட்டேன். மெதுவாக, அடங்கிய குரலில், ஒரு குமாஸ்தா எழுதியதுபோல் இருப்பவையே எனக்குப் பிடித்தன.

3. மூன்றாம் ஹட்ச்

சில வருஷம் கழித்து, வெட்டிய மரத்தடிகள் ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. சரக்கு இறக்கும்முன் ஒவ்வொரு ஹட்ச்சிலும், அதாவது சரக்கு அறையிலும், இறங்கிப் பார்க்க வேண்டும். நான் ஏறும்போதே டெக்கில் தகராறு. லோடிங் ஆட்களின் தலைவர் சேவியர் அண்ணன், தருவைகுளத்துக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மூணாம் ஹட்ச்சுல எங்க ஆளுவ எறங்க மாட்டாவ சார்.”

“ஏன்?”

“அங்கன ஆளு இருக்காம். இந்தக் கப்பல் சமையக்காரன் சைகையில சொல்லுதான். ஏணியில ஒருத்தர் உக்காந்திருக்காராம். பாக்கப் போறவனையும் உக்கார வச்சுருவாராம்.”

போனில் தங்கராஜ் அண்ணாச்சி கத்தினார். “கப்பல் நின்னா பார்ட்டி என் கழுத்தப் பிடிப்பான்லே. பேயாவது பிசாசாவது! நீ மொதல்ல எறங்கு, பின்னால அவனுவ தன்னால வருவானுவ.”

ஹட்ச் மூடி முழுக்கத் திறந்திருந்தது. காலை வெயில் மரத்தடிகள் மேல் பளீரென்று விழுந்தது. சிரிக்கத்தான் தோன்றியது. ஏணிக்குப் போகும் சின்ன இரும்புக் கதவுப் பக்கம் நடந்தேன். கப்பலின் சீஃப் ஆபீசர் கூடவே வந்தார். வெளிநாட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். “ஆக்சிஜன் செக் செய்த பேப்பர் இருக்கிறதா?” என்று இங்கிலீஷில் கேட்டேன்.

“நோ பிராப்ளம். அங்கே யாரும் விழவில்லை” என்றார்.

விழுந்தார்களா என்று நான் கேட்கவே இல்லை.

கால் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. கதவு ஓரத்தில் உருகிய மெழுகுவர்த்தியின் அடி ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டதும் அவர் நகர்ந்துவந்து பூட்ஸால் மறைத்தார். எல்லா ஏணிக் கதவுகளும் துருவேறிக் கிடக்க, இதன் தாழ்ப்பாள் மட்டும் புதிதாக இருந்தது.

“சேவியர் அண்ணே, கேஸ் மீட்டரும் கயிறும் வேணும்.”

அந்த ஏணி திறந்த ஹட்ச்சுக்குள் இறங்குவதல்ல. சுற்றிலும் இரும்புத் தகடு அடைத்த ஒரு கூண்டுக்குள் சுழன்று இறங்குவது. மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டேன். பதினைந்து அடிகூடப் போயிருக்காது, அலாரம் வீறிட்டது. மேலே இழுத்துப் பதிவைப் பார்த்தேன். இருபத்தொரு சதவீதம் காட்ட வேண்டிய ஆக்சிஜன் ஆறுக்கு இறங்கியிருந்தது. மரத்தடிகள் நாள்கணக்கில் காற்றைத் தின்றிருந்தன. ஹட்ச்சைத் திறந்தும் கூண்டுக்குள் புதுக் காற்று போகவில்லை. இறங்கியிருந்தால் நான் பாதிப் படியில் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தூக்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

சேவியர் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். சீஃப் ஆபீசர் அங்கேயே டெக்கில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் பார்க்காமல் சொன்னார். முந்தைய துறைமுகத்தில் அவர்களுடைய போசன், டெக் ஆட்களின் தலைவன், அந்த ஏணியில் இறங்கியிருக்கிறான். உட்கார்ந்தபடியே செத்திருக்கிறான். இங்கே தெரிந்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார்கள்.

“இறங்கு என்று சொன்னது நான்தான்” என்றார்.

துறைமுகப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் சொன்னேன். கப்பல் நின்றது. அண்ணாச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

“அவன் பொய் சொல்லுதான்னு எப்பிடிலே கண்டுபிடிச்ச?”

பேய்க்கதையில் கற்றது என்று உண்மையைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதையும் அவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

4. எழுதாமல் விட்டது

கூண்டுக்குள் ஒரு நாள் முழுக்கக் காற்று செலுத்திய பிறகு மீட்டர் சரியாகக் காட்டியது. “மொதல்ல நான் எறங்குதேன்” என்றேன். சேவியர் அண்ணன் டார்ச்சைக் கையில் கொடுத்தார்.

“மீட்டர் சரியாயிட்டு சார். ஆனா அவரு போயிட்டாரான்னு மீட்டரு சொல்லுமா?”

படிகளில் எதுவும் இல்லை. கீழ்த் தளத் திருப்பத்தில் மட்டும் ஒரு கையுறை கிடந்தது. இடது கை. அவசரத்தில் ஆளைத் தூக்கியவர்கள் விட்டுப்போயிருக்க வேண்டும். மேலே வந்து சீஃப் ஆபீசரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆட்கள் பயந்தால் சிரிக்காதீர்கள். எதற்குப் பயம் என்று கேளுங்கள். பயமே இல்லை என்பவரை இன்னொரு முறை கேளுங்கள். இந்த இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை அந்தக் கதைகள்தான். மூன்றாவது ஒன்றையும் அவை சொல்லின: விளக்கம் தெரியாவிட்டாலும் கண்டதை எழுதிவை. அதை நான் செய்யவில்லை. அன்றைய ரிப்போர்ட்டில் ஆக்சிஜன் அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது, கதவின் தாழ்ப்பாள்கூட இருக்கிறது. கையுறையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கண்டதை எழுதத்தானே எனக்குச் சம்பளம்? இத்தனை வருஷம் கழித்து, அதை இங்கே எழுதிவைக்கிறேன்.