காலி வண்டியில் பார்த்த அளவு

“காகிதத்துல போடற கணக்கு வண்டியில நிக்குமா சாமி?” என்று கடை முதலாளி என்னிடம் கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டார். கிண்டலாக இருந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது பதில் சொல்லி முடித்திருப்பேன். சந்தேகத்துக்குச் செய்துதான் காட்ட வேண்டும். அது வெகு களைப்பான வேலை.

அது நாமக்கல்லில் சேலம் ரோட்டில் இருக்கும் ஒரு டயர் கடை. முன்பக்கம் கார்களுக்கு, பின்பக்கம் லாரிகளுக்கும் போர்வெல் வண்டிகளுக்கும். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா கோழிப்பண்ணையில் தீவன மூட்டை இறக்குகிறார். அம்மா இன்னொரு பண்ணையில் முட்டை அடுக்குகிறார். சேர்ந்த அன்றே என்னைப் பில் போடும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். பெண் என்றால் பில், படித்த பெண் என்றால் பில்லோடு போனும். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கும் பக்கம் நான் போனால், “என்னம்மிணி, டீ சொல்லோணுமா?” என்று கேட்பார்கள்.

கம்பெனி சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய்ச் சக்கரம் மாட்டும் ஆசை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. ரிம் பெரிதானால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பரின் உயரம் குறைய வேண்டும். அப்போதுதான் சக்கரத்தின் மொத்த உயரம் பழைய அளவிலேயே இருக்கும், எங்கும் உரசாது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களில் இது முழுக்க இருக்கிறது. முதல் எண் அகலம். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் அங்குலம். ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் தெரிந்தால் போதும்.

எங்கள் கடையில் யாரும் பெருக்கவில்லை. டயரை மாட்டுவார்கள், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார்கள். விரல் போனால் சரி. போகாவிட்டால் மட்கார்டின் உள்விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்குவார்கள். லாரிப் பழக்கம் அது. மாதத்துக்கு ஒரு வண்டியாவது உரசுகிறது என்று திரும்பி வரும். பில்லை ரத்து செய்து புது பில் போடுவது நான்தான். அதனால் எந்த வண்டி எதனால் திரும்பி வந்தது என்பது என்னைவிட யாருக்கும் தெரியாது. ஒருநாள் முதலாளியிடம் போய், சைஸ் சொல்லும் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் காகிதக் கணக்கைப் பற்றிக் கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, “சரி, அடுத்து வர்ற அலாய் வண்டிக்கு நீயே சொல்லு. உரசாமப் போச்சுன்னா அந்த வேல உனக்கு. உரசுச்சுன்னா பேசாமப் பில்லுக்குப் போயிரோணும்” என்றார். நான் ஒப்புக்கொண்டேன்.

அடுத்து வந்தவர் திருச்செங்கோட்டுக்காரர். மூன்று போர்வெல் வண்டி வைத்திருப்பவர். அவற்றுக்கெல்லாம் எங்கள் கடையில்தான் டயர். ஏழு பேர் உட்காரும் புதுக் கார் வாங்கியிருந்தார். பதினேழு அங்குல அலாயை வேறெங்கோ வாங்கி, அதையும் கையோடு கொண்டு வந்திருந்தார். பழைய டயர் 185/65, ரிம் பதினைந்து. நான் அளந்தேன், பெருக்கினேன். அவர் வாங்கியிருந்த ரிம் பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும் ஜாதி. அதை மாற்ற முடியாது. உயரத்தையாவது கட்டுக்குள் வைக்க வேண்டும். 205/45 போட்டால் மொத்த உயரம் பழையதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும், தாங்கும் எடையும் சரியாக இருக்கும் என்று சொன்னேன்.

அவர் அந்த டயரைக் கையால் தட்டிப் பார்த்தார். “என்னங்க இது, தோசக்கல்லுக்கு ஓரம் கட்டுன மாதிரி இருக்குது. ரப்பரே காணோம். என்ற வண்டி நிக்கறப்ப டயரு நெறஞ்சு நிக்கோணும்” என்றார். 215/50 கேட்டார்.

“அது பழசவிட ரெண்டரை சென்டி உசரங்க. அகலமும் வெளிய தள்ளுது. ஆள் ஏறுனா உரசுமுங்க” என்றேன்.

“எங்கூட்டுல யாரும் ஆன இல்ல அம்மிணி.”

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அவரு கேக்கறதப் போடுங்கப்பா” என்றார். இப்போது நான் எதற்குப் பொறுப்பு என்று எனக்கே தெரியவில்லை. நான் சொன்ன அளவு போகவில்லை. ஆனால் இது என் வண்டிதான் என்று கடை முழுக்கத் தெரியும். பேசாமல் இருந்தால், உரசும்போது பழி என் தலையில்தான் விழும். முதலாளியைத் தனியாக அழைத்து, “இந்த வண்டி எனக்கு வேணாமுங்க, நான் சொன்ன சைஸ் இல்ல” என்றேன். “சைஸ் மாறுனா என்ன, உரசாம பாத்துக்க. அதுக்குத்தான படிச்சிருக்கற” என்று சொல்லிவிட்டு அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

டயர் மாட்டினார்கள். காலி வண்டியில் இரண்டு விரல் போனது. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுசாக ஒடித்துப் பார்த்தார்கள், உரசவில்லை. போர்வெல்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து வைத்தேன். ஆட்கள் ஏறி ஒரு சுற்று ஓட்டினால் டயரில் வெள்ளை ஒட்டுகிறதா என்று பார்த்துவிடலாம். காலி வண்டியில் அளவு பார்ப்பது, சாப்பிடும் முன்னால் இடுப்பளவு எடுத்துக் கால்சட்டை தைப்பது போல என்று எனக்குத் தோன்றும்.

அதற்கு ஆள் தேடவும் வேண்டியதில்லை. அவருடைய குடும்பம் முழுக்க அங்கேதான் இருந்தது. மகளின் குழந்தைக்கு முதல் மொட்டை. கொல்லிமலையில் இருக்கும் குலசாமி கோயிலுக்கு அப்படியே கிளம்புகிறார்கள். பட்டுச் சேலை, அண்டா, வாழைத்தார், கைக்குழந்தை. பின்னால் ஒரு டெம்போவில் கிடாயும் சமையல்காரர்களும்.

“எல்லாரும் ஒருதடவ ஏறி உக்காருங்க. ரோட்டுல ஒரு திருப்பு திருப்பிப் பாத்துட்டுப் பூஜ போட்டுக்கலாமுங்க” என்றேன்.

“கிடாயையும் ஏத்திப் பாக்கோணுமா?” என்று மருமகன் கேட்டார்.

ஏறவும் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர் மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். “ராகுகாலம் வந்துருமுங்க. மொதல்ல எலுமிச்சம்பழத்த வெய்ங்க. ஓட்டிப் பாக்கறதெல்லாம் அப்புறம்.”

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். அந்த அம்மாள் நல்லவர். என் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். வண்டி நகர்ந்து பழம் நசுங்கியது. அப்புறம்தான் ஏழு பேரும் ஏறினார்கள். வண்டியின் பின்பக்கம் அமுங்கியதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். கடை வாசலில் இருக்கும் சின்னச் சரிவில் இறங்கித் திரும்பும்போது ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். பின்டயரின் ஓரத்தில் சாக்பீஸ் வெள்ளை. கண்ணாடி இறங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கழட்டி மாத்திரலாமுங்க, நேரமாகாது” என்றேன்.

அந்த அம்மாள்தான் முதலில் மறுத்தார். “பழம் நசுக்கியாச்சு கண்ணு. குலசாமியக் கும்புட்டு வர்ற வரைக்கும் சக்கரத்துல கை வெக்கப்படாது. கொழந்தையோட போறோம்.” அவர் முகத்தில் பயம் இருந்தது. அந்தப் பயத்தோடு வாதாட எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார்.

“புது ரப்பரு. ரெண்டு எடத்துல தேஞ்சா அதுவே வழி உட்டுரும்” என்றார் போர்வெல்காரர். லாரியில் அப்படித்தான் நடக்கும் என்று பட்டறை ஆட்களும் தலையாட்டினார்கள்.

நான் ஜன்னலோரம் போய் அந்த அம்மாளிடம் என் போன் நம்பரைக் கொடுத்தேன். ரப்பர் கருகும் வாசம் வந்தால் மேற்கொண்டு ஏறாதீர்கள், ஓரமாக நிறுத்திவிட்டு முதலில் ஆட்களை இறக்குங்கள் என்று சொன்னேன். அவர் சரி என்றார். வண்டி சேந்தமங்கலம் பக்கமாகப் போனது.

சாப்பிடப் பிரித்த டப்பாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. காரவள்ளி தாண்டி மலை ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே வாசம் வந்துவிட்டதாம். கொண்டை ஊசி வளைவில் எடையெல்லாம் பின்சக்கரத்தின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு விரல் இடம் அங்கே இருக்காது. “நிறுத்திப்போட்டோம் கண்ணு. ஆனா இவரு மெதுவா ஏறிரலாம்ங்கறாரு” என்றார் அந்த அம்மாள்.

“அவருகிட்டக் குடுங்க” என்றேன். போன் கைமாறியது. “பின்டயரோட தோள்ல, அந்த வெளி ஓரத்துல, கையி வெச்சுப் பாருங்க. சீவியிருக்குதுங்களா?”

சரளையில் செருப்புச் சத்தம் கேட்டது. “ரப்பருக்குள்ள இருக்கற நூலு தெரியுது” என்றார்.

“அப்படின்னா ஆள ஏத்தாதீங்க. எல்லாரும் டெம்போவுல போயிருங்க. காரு காலியாவே கீழ எறங்கட்டும்.”

“டெம்போவுல கிடா இருக்குதே.”

“கிடாயோடவே போங்க.”

பட்டுச் சேலையும் கைக்குழந்தையுமாகக் கிடாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கு மொட்டை அடித்தாகிவிட்டது என்று அந்த அம்மாள் சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார். அந்த போன் வந்த பிறகுதான் நான் அன்று சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் கார் கடைக்கு வந்தது. பின்டயர் இரண்டும் கத்தியால் சீவியது போல இருந்தன. போர்வெல்காரர் என் பக்கம் திரும்பவில்லை. முதலாளியிடம், “உங்க கடைப் புள்ள சைஸ் பாத்து மாட்டுன வண்டிங்க. நடு மலையில நிக்க வெச்சுப்போட்டீங்களே” என்றார்.

“நான் சொன்னது வேற சைஸுங்க” என்றேன்.

நான் சொன்னதைப் பட்டறையில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, “சாரின்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு சாமி. அவரு மனசு ஆறிரும், மூணு போர்வெல் வண்டிச் சோலி நம்மகிட்டயே நிக்கும். நீ கேட்ட வேலயையும் நான் பாத்துக் குடுக்கறேன்” என்றார்.

சொல்லியிருந்தால் எனக்குச் சைஸ் சொல்லும் வேலை கிடைத்திருக்கும். அதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சொல்லும் ஒவ்வொரு சைஸும், தப்பாகச் சொல்லி மன்னிப்புக் கேட்ட ஒருத்தி சொல்லும் சைஸாக இருக்கும். “சொல்ல முடியாதுங்க” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பில்லை.

அன்று மத்தியானம் அந்தக் காருக்கு 205/45தான் மாட்டினார்கள். மாட்டியதும் போர்வெல்காரர் தன் டிரைவர்களையும் எங்கள் பட்டறை ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே ரோட்டில் ஒரு திருப்பு திருப்பிப் பார்த்தார். உரசவில்லை. இறங்கி, டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அதற்குப் பில் போட்டேன். ஆமாம், பில்லுக்குத்தான் திரும்ப வந்திருந்தேன். உரசினால் போய்விட வேண்டும் என்பதுதானே பேச்சு.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவர் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். “சாரின்னு சொன்னா வாயி தேஞ்சா போயிரும்? எங்க ஷெட்டுல யாரு முட்டைய ஒடச்சாலும் நாந்தான் ஒடச்சேன்னு சொல்லிப்போட்டு அடுத்த தட்ட எடுப்பன். இல்லாட்டி பொழுதே போவாது.”

“உனக்கு ஆகுதும்மா. எனக்கு ஆகல.”

“ஆகாதுதான். படிக்க வெச்சோமில்ல” என்றார் அம்மா. குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. தைலத்தை வாங்கி அவருடைய இன்னொரு காலுக்குத் தேய்த்துவிட்டேன்.

அதன்பிறகு சில மாதங்கள் பில் போட்டேன். உரசுகிறது என்று வண்டிகள் திரும்பி வந்தன. அவற்றின் சைஸைப் பார்த்ததுமே காரணம் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது மூட்டை தூக்குவதைப் போலவே உடம்பை அசத்துகிறது. சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

போன மாதம் முதலாளியிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டேன். “போயிட்டு வாரேனுங்க” என்றேன். “எங்க போனாலும் இதே கததான் சாமி” என்றார். இருக்கலாம். சேலத்தில் அலாய் வேலை மட்டும் பார்க்கும் கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை காலை பஸ் பிடித்துப் போனேன். வாசலில் இருந்தவர் என் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பில் போடத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டு, ஜாக்கியில் நின்றிருந்த வண்டியின் பக்கமாகப் போனேன்.