அட்டை கடிக்காத கால்

பிள்ளைகளே, அம்மாவின் இடது கால் மட்டும் ஏன் கொஞ்சம் பருத்திருக்கிறது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அப்போது கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அதில்தான் வேலைக்கு வருவாள். அவளுக்கு மாதவிலக்கு நின்றிருந்த சமயம். மலைக்குளிரில் மற்றவர்கள் நடுங்க, இவள் மட்டும் வேர்த்து ஊற்றி முந்தானையால் விசிறிக்கொள்வாள்.

"மதினி, இங்கன ஒட்டி உக்காரு. அடுப்பாட்டம் கதகதன்னு இருக்க!" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

ராத்தூக்கமும் போனபின் டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். வேர்வை நின்றது. சில வாரத்தில் இடது கெண்டைக்கால் வீங்கியது. தோட்டத்தில் கால் வீங்கினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அட்டை கடித்திருக்கும். புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினோம். வீக்கம் ஏறியது.

"தேய்ச்சு விடட்டுமா?" என்றேன்.

"வேணாங்க. அட்டை கடிச்சா அரிக்கும்ல? இது அரிக்கல. உள்ளுக்குள்ள இறுக்குது. டாக்டரம்மாகிட்டப் போவோம்."

டாக்டரம்மா காலைப் பார்த்ததுமே தேனிக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். திரையில் அவள் காலுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்த்தேன், சிவப்பும் நீலமுமாக. லோயர் கேம்பில் மலையிலிருந்து குழாய்களில் தண்ணீர் இறங்குமே, அதுபோல ஒரு இரைச்சல் வேறு. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்குள் இப்படி ஓர் ஆறு ஓயாமல் ஓடுவது எனக்குத் தெரியவே தெரியாது. ஓரிடத்தில் மட்டும் நிறமே இல்லை.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "ரத்தம் கட்டியா உறைஞ்சிருக்கு. பிரிஞ்சு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரையால சிலருக்கு இப்படி வரும். ஜீப்புல காலை மடக்கி நெருக்கி உக்காருறதும் சேந்திருக்கும். மாத்திரையை நிறுத்திடலாம்."

"அப்ப மறுபடி வேர்க்குமா?"

"வேர்க்கும்மா."

"வேர்க்கட்டும். உசுரு இருந்தாத்தான வேர்க்கும்?"

வயிற்றில் ஊசி, பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை என்று மாதங்கள் போயின. மறு ஸ்கேனில், அடைத்திருந்த இடத்தின் ஓரமாக நீலம் நூலாக நெளிந்து போனது. யாரும் வெட்டாமல் தானே வழி கண்டிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். வீக்கம் மட்டும் முழுசாக வடியவில்லை; நீங்கள் பார்ப்பது அந்த மிச்சம்தான்.

திரும்ப வேலைக்கு வந்தபின், மெட்டு ஏறியதும், கால் மடங்கியே இருக்கக் கூடாதென்று அவளுக்காக ஜீப்பை நிறுத்துவேன். வேர்வையைத் துடைத்தபடி இறங்கி நடப்பாள்.

"ஆத்தா, அடுப்பு எறங்கிப் போயிருச்சு, குளிருது! வெரசா வந்து ஏறு!" என்று உள்ளிருந்து சத்தம் வரும்.