மாமாவின் முற்றமும் என் பாத்திரக் கடையும்

பிழைப்புக்காகக் கடை வைத்தவர்களைத்தான் எல்லோருக்கும் தெரியும். நான் கடை வைத்தது ஒருவரைப் பழி வாங்க. கலியாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் தொழில் அது. என் தாய்மாமாவின் மூக்கை அறுப்பதற்காகவே அதைத் தொடங்கினேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் தெருக்களில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், பெரிய வார்ப்பும் அண்டாவும் மாமா வீட்டிலிருந்துதான் வரவேண்டும். ஊரைக் கூட்டிச் சோறு போடுகிற அளவுக்குப் பாத்திரம் வேறு யாரிடமும் கிடையாது. அதற்கு அவர் காலணா வாங்கமாட்டார். கேட்க வந்தவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி வெற்றிலையின் நரம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டு, "பாப்போம்" என்பார். வந்தவன் மறுநாளும் வந்து நிற்பான். அவர் மூத்த மகளைத்தான் நான் கட்டியிருந்தேன். அதனால் எனக்கு நிற்கிற நேரம் கொஞ்சம் குறைவு.

என் தங்கைக்குக் கலியாணம் வந்தது. முதல் தாம்பூலம் தாய்மாமனுக்கு வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கோயிலில் வைத்துவிட்டுப் புறப்பட்டபோது நல்ல மழை. வழியில் இருந்த சித்தப்பா வீட்டில் ஒதுங்கினேன். கையில் தாம்பூலத் தட்டு இருந்தது. ஒதுங்கிய வீட்டில் வைக்காமல் எப்படி எழுந்து வருவது? வைத்துவிட்டேன். நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அது மாமா காதுக்குப் போயிருந்தது. ஆனாலும் அவர் சிரித்த முகமாகத் தாம்பூலம் வாங்கிக்கொண்டார், பாத்திரமும் கொடுத்தார்.

கலியாணத்தன்று தாலி கட்டி முடிந்து இலை போடுகிற நேரத்தில், கொல்லை வாசலில் மாமாவின் மாட்டுவண்டி வந்து நின்றது. "பாத்திரம் வீட்டுக்கு வேணுமாம், ஐயா கொண்டாரச் சொன்னாக" என்று இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். கொதிக்கிற சாம்பாரை மண்பானைகளில் ஊற்றினோம். பாதி தரையில் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அம்பாசமுத்திரத்துக்காரர்கள். வெறும் இலை முன்னால் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைத் தங்கை தன் மாமியார் வீட்டில் ஆயுசு முழுக்கக் கேட்டாள். தன் கூடப்பிறந்தவனே இப்படிச் செய்தானே என்று என் அம்மா அன்று அழக்கூட இல்லை, தரையில் கொட்டிய சாம்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி தன் கழுத்திலிருந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி என் முன்னால் போட்டாள். அவள் அப்பா போட்ட நகை அது.

"இத வித்துப் பாத்திரம் வாங்குங்க. அவுக முத்தத்துல இனிமே ஒருத்தரும் போய் நிக்கக்கூடாது."

ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை வேலையை விட்டேன். ஜெர்மன் சண்டை தொடங்கிப் பித்தளை விலை ஏறிக்கிடந்தது. பேட்டையில் பாத்திரம் அடிக்கிற ஒரு கன்னாரிடம் சங்கிலிப் பணத்தைக் கொடுத்து, கிடைத்ததை வாங்கிவந்தேன். வாடகையைக் கொடு, வண்டியில் ஏற்று, போ. துண்டு தோளிலேயே இருக்கலாம். இதுதான் என் கடையின் சட்டம். "சோறு பொங்குத பாத்திரத்துக்கு வாடகையா வே? கலிகாலம்!" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

முதலில் வந்தது பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வேதக்கார வாத்தியார், சர்ச்சில் நடக்கிற மகள் கலியாணத்துக்கு. மாமா முற்றத்தில் அவரை நிற்கக்கூட விட்டிருக்கமாட்டார்கள். பிறகு வயல் வேலை செய்கிற குடும்பங்கள் வந்தன. எல்லோருக்கும் கொடுத்தேன். அதற்கும் ஒரு விலை இருந்தது. கண்டவர்கள் பொங்கிய பாத்திரம் என்று சொல்லி, எங்கள் வீட்டில் கை நனைப்பதைச் சொந்தக்காரர்கள் நிறுத்தினார்கள். விசேஷங்களுக்குச் சொல்வதும் நின்றது. மாமா தன் மகளுக்கும் சேர்த்தே கதவைச் சாத்தினார். தாமிரபரணிப் படித்துறையில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் மனைவியின் விரல்களெல்லாம் வெடித்துப்போயின. சோற்றைப் பிசைந்தால் எரியும். அவள் ஒருநாளும் முனகியதில்லை.

ஆனால் லாபமும் இருந்தது. பணத்தைச் சொல்லவில்லை. என் வண்டி எந்த ஊருக்குப் போனாலும், சுற்றுவழியானாலும் சரி, மாமாவின் தெரு வழியாகத்தான் போகும். அண்டாவுக்கும் வார்ப்புக்கும் நடுவில் வைக்கோல் வைக்காதே என்று வண்டிக்காரனிடம் சொல்லிவைத்திருந்தேன். நன்றாக மோதிச் சத்தம் போடட்டும். நான் வண்டியின் பின்னால் நடந்து போவேன். நாற்காலியில் மாமா இருப்பார். முற்றத்தில் ஒரு குருவிகூட இருக்காது. அப்போது என் வயிறு குளிர்ந்ததைப் போல வேறு எதற்கும் குளிர்ந்ததில்லை.

இப்படி இருக்கையில், என் மனைவியின் தங்கைக்கு மாமா கலியாணம் வைத்தார். எங்களுக்குத் தாம்பூலம் வரவில்லை. முந்தைய நாள் மத்தியானம் அந்தக் கலியாணத்துத் தவசிப்பிள்ளை, சமையலுக்கு வந்தவர், வேர்த்து விறுவிறுத்து என் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, அங்கன பாத்திரம் பூராவும் ஈயம் போயிக் கெடக்கு. யாரும் எடுக்காததால பூசாமலே விட்டிருக்காக. புளி ஊத்துனா களிம்பு ஏறி ஊரே வாந்தி எடுக்கும். உங்க பாத்திரத்தக் குடுங்க. அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

நான் சந்தோஷமாகக் கொடுத்தேன். மறுநாள் இலை போடுகிற நேரத்தில் என் வண்டியும் கொல்லை வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் வண்டியைப் பூட்டும்போது என் மனைவி வந்து ஏறிக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் வார்ப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. "இறக்கும் வே, என் பாத்திரம் எனக்கு வேணும்" என்றேன். தவசிப்பிள்ளை என் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினார். சத்தம் கேட்டு மாமா வந்தார். என்னைப் பார்த்தார், வார்ப்பைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தோளில் கிடந்த பட்டுத் துண்டு மெல்லக் கீழே இறங்கி அவர் கைக்கு வந்தது. இத்தனை வருஷமும் நான் எதற்காகக் காத்திருந்தேனோ, அது அந்தத் துண்டுதான்.

அவர் எனக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார்.

"வா தாயி. உள்ள வா. தங்கச்சி உன்னத்தான் தேடுதா."

என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"நாங்க பாத்திரத்துக்காரங்க. உள்ள வரக்கூடாது. பந்தி முடியட்டும், கழுவி எடுத்துட்டுப் போறோம்."

கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். காலியான முதல் அண்டாவை இழுத்து வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். சாப்பிட்டவர்களெல்லாம் கை கழுவ அங்கேதானே வரவேண்டும்! பந்தி பந்தியாக வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், உள்ளூர்க்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் பெண்ணைப் பெற்றவரின் மூத்த மகள் கரிக்கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கை கழுவிக்கொண்டு போனார்கள். மாமா கொல்லை வாசலில் துண்டும் கையுமாக நின்றுகொண்டே இருந்தார். நான் பிறகு வார்ப்பை இறக்கச் சொல்லவில்லை. நான் செய்ய வந்த வேலை இதன் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமேயில்லை.

கடைசிப் பந்தியில் சாப்பிட்ட மணப்பெண் மாலையும் கழுத்துமாகக் கை கழுவ வந்தாள். "அக்கா" என்றாள்.

என் மனைவி தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் அங்கன தள்ளிக் கழுவுங்கம்மா" என்றாள். "பாத்திரத்துல தெறிக்கும்."