ஸ்பீக்கரின் இரைச்சல்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு ஏழு வருடம் முன்பே கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வந்துவிட்டது. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தை மூடினார்கள். வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலிகள், கீபோர்டுகள் நடுவிலிருந்து அப்பா அந்த ஜோடியைப் பொறுக்கி எடுத்து, ஸ்கூட்டரில் என் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். தொண்ணூறுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது. பழுப்பேறிய இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்றில் மட்டும் வால்யூம் குமிழும் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தன. கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் என்ன, வாக்மேனைச் சொருகினால் பாடும் என்றார் அப்பா.

பாடியது. ஆனால் பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சலும் சேர்ந்து வந்தது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. மூடிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டு சுற்றுவதுபோல இருந்தது. எனக்குக் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. கண்டென்சர் போயிருக்கும் என்று அப்பா உடனே சொல்லிவிட்டார்.

சத்தத்தைப் பற்றி அப்பா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவருக்கு ரயில்வேயில் வேலை. ஸ்டேஷனில் வந்து நிற்கும் வண்டியின் சக்கரங்களை நீண்ட கைப்பிடி போட்ட சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் ஓட்டைச் சட்டி மாதிரி ஒலிக்கும். வித்தியாசத்தைக் காது சொல்ல வேண்டும். நடைமேடையில் நின்று அவரைப் பார்த்திருக்கிறேன். தட்டிவிட்டு அரை நொடி தலையைச் சாய்ப்பார். அந்த அரை நொடியில் முழு வண்டியும் அவருக்காகக் காத்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

அடுத்த மாதம் அவருக்கு ரயில்வேயின் மெடிக்கல் பரிசோதனை இருந்தது. காது தேறாவிட்டால் சுத்தியலை வாங்கிக்கொள்வார்கள் என்று அம்மா பக்கத்து வீட்டில் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். தேறுவதென்றால் பரீட்சையில் தேறுவது என்றுதான் எனக்குத் தெரியும். காது என்ன பரீட்சை எழுதும் என்று யோசித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா பெட்டியைத் திறந்தார். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். கரண்டை நிறுத்தினாலும் கண்டென்சருக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும், அதுவாகக் கரையட்டும் என்றார். உள்ளே பச்சைப் பலகையின் மேல் சிறிதும் பெரிதுமாகக் கண்டென்சர் உருளைகள் நின்றன, ஒரு ஊரைப் பறந்துகொண்டே பார்ப்பதுபோல. பெரியவை இரண்டின் தலை மேடாக எழும்பியிருந்தது. அப்பா விரலால் தடவிப் பார்த்து, “உப்பிடுச்சு” என்றார்.

நான் படித்தது கன்னட மீடியம். தெருவில் விளையாடியதும் கன்னடத்தில். வீட்டுத் தமிழைக்கூட பாதி கன்னடக் காதால்தான் கேட்டேன். உப்பு என்றால் இரண்டு மொழியிலும் சமையலறையில் இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்பா கழற்றி வைத்த உருளையை, அவர் கை கழுவப் போன நேரத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. பழைய சாவியின் ருசி.

அன்று மாலையே சந்தேப்பேட்டையில் ரேடியோ சாமான் விற்கும் கடைக்குப் போனோம். அப்பா ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் நான் உள்ளே ஓடி, உருளையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து, இது உப்பாகிவிட்டது என்று கன்னடத்தில் சொன்னேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊட்டக்கா, ரிப்பேரிகா?” என்றார். சாப்பாட்டுக்கா, ரிப்பேருக்கா என்று அவர் கேட்டதும் கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பின்னால் வந்த அப்பாவும் விஷயம் தெரிந்து சிரித்தார். உப்பிவிட்டது என்றால் வீங்கிவிட்டது என்று அர்த்தம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. இனிமேல் யாரிடமும் எதையும் தப்பாகச் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டபின் தெரு முழுக்கத் தூங்கியது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் சால்டரிங் புகை நூல் நூலாக ஏறிப் பிரிந்தது. அதன் வாசனை தொண்டையில் இனிப்பாக நின்றது. நீளக் கால் எந்தப் பக்கம், வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று நான் சொல்லச் சொல்ல அப்பா புது கண்டென்சர்களை இறக்கினார். ஈயம் ஒரு கணம் கண்ணீர்த் துளிபோல மின்னி, பிறகு மங்கி இறுகியது. நடுவில் அம்மா சமையலறையிலிருந்து காபி வேண்டுமா என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். நான்காம் முறை வாசற்படிக்கே வந்து நின்றாள்.

“உங்க காதுக்கும் ரெண்டு கண்டென்சர் வாங்கிட்டு வந்திருக்கலாம்.”

அம்மா இப்படிச் சொன்னால் அப்பா பதிலுக்கு ஒன்று வைத்திருப்பார். அன்று சால்டரிங் கம்பியின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூடியைப் போட்டு, பிளக்கைச் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வண்டு போய்விட்டது. அந்த இடத்தில் நிசப்தம் வழவழவென்று இருந்தது. எங்கோ தூரத்தில் துணி துவைக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அப்பா தலையைச் சாய்த்தார். அரை நொடி அல்ல, வெகுநேரம்.

“போகலையே” என்றார்.

வால்யூமை முழுக்கக் குறைத்தார். வாக்மேன் ஒயரைக் கழற்றினார். கடைசியில் பிளக்கையே பிடுங்கித் தரையில் போட்டார். சிவப்பு விளக்கு உடனே அணையவில்லை. தூக்கம் வந்த கண்போல மெதுவாக மூடியது. அது முழுக்க அணைந்த பிறகும் அவர் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவரிடம் நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில், விடை தெரியாத பையன் பக்கத்து நோட்டைப் பார்ப்பதுபோல இருந்தது.

“கேக்குதில்ல?”

கேட்கிறதல்லவா என்று அவர் கேட்டார். கன்னடத்தில் ஒரு பேச்சின் வாலில் ‘இல்ல’ வந்தால் அது இல்லைதான். கேட்கவில்லை என்று சொல்கிறார், இரைச்சல் ஒருவழியாகப் போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“ஆமாப்பா” என்றேன்.

அப்பாவின் தோள்கள் இறங்கின. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை இப்போதுதான் விட்டவர்போல விட்டார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“இங்க வா. பாப்பாவுக்கும் கேக்குது. பெட்டிலதான் இருக்கு.”

அப்போதுதான் நான் தப்பாகப் புரிந்துகொண்டது எனக்கு உறைத்தது. திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்தினால் இன்னொரு உப்புக் கதையாகிவிடும், அதையும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். ரிப்பேர் சரியாகவில்லை என்றால் ஒருவர் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். அவள் கண் தரையில் கிடந்த பிளக்குக்குப் போனது. அங்கிருந்து என்னிடம் வந்தது. பிறகு அப்பாவிடம் போய் நின்றது.

“ஆமா” என்றாள். “லேசாக் கேக்குது.”

நல்லவேளை, சின்ன கண்டென்சர்கள்தான் பாக்கி, அடுத்த ஞாயிறு அவற்றையும் மாற்றிவிடலாம் என்று அப்பா உற்சாகமாக ஸ்க்ரூவைத் தேடத் தொடங்கினார். அம்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லாமலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் இருவரும் நகர்ந்த பிறகு நான் பெட்டியை இழுத்து, காது வலிக்கும்வரை அழுத்திப் பார்த்தேன். இந்தக் காது, பிறகு அந்தக் காது. ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்கிறது, அம்மாவுக்கும் கேட்கிறது. ஆகவே கெட்டுப்போனது என் காதுதான் என்று முடிவு செய்தேன். தெரிந்தால் என்னையும் மெடிக்கலுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அப்பா பலகையிலிருந்த கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். மாற்றிவிட்டு ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டார். கேட்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

மெடிக்கல் முடிந்து, அந்த மாதக் கடைசியில் அவரை ஸ்டோர் அறைக்கு மாற்றினார்கள். அன்று பகலிலேயே வீட்டுக்கு வந்தவர், என் தலையைத் தடவிவிட்டு, பெட்டியைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். காது கெட்டது எனக்கு, சுத்தியலை மட்டும் எதற்கு அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை.